காது மடல்

கறுத்த மருமகள் செண்பகவல்லிக்கு ஒன்பது மாதமும் குங்குமப்பூப் பால் காய்ச்சிக் கொடுத்தாள் மாமியார், பிள்ளையாவது சிவப்பாகப் பிறக்கட்டும் என்று. செண்பகவல்லி வேண்டிக்கொண்டதோ ஒரு அழுகுரலைத்தான். முதல் பிள்ளை அழாமலே போயிருந்தது. இது பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிர வீறிட்டது. அழுது ஓய்ந்து தூங்கியும் போனது.

உள்ளே வந்த மாமியார் முதல் வேலையாகப் பிள்ளையின் காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். பிறந்த சிவப்பு போய்விடும், மடலின் நிறம்தான் நிற்கும் என்பார்கள்.

"நல்ல கறுப்பு," என்றாள்.

"என் நெறந்தான், அத்த. இனிமே பாலு வேண்டாம்."

மாமியார் குனிந்து, பிள்ளையின் மூக்கருகே தன் காதை வைத்தாள். வைத்த காதை வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"ஏட்டி, மூச்சு வருது. காதுல வெதுவெதுன்னு படுது."