நூற்றைம்பது மீட்டர் பலகை

“பெட்டி பொய் சொல்லல சார். உங்க மைதானம்தான் பொய் சொல்லுது.”

அங்கே பந்து அடிக்க வரும் மருந்துக் கடைக்காரர் சோப்பு டப்பா அளவுள்ள அந்தக் கருவியை மேனேஜரின் மேஜையில் வைத்தார்.

அந்த கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் இப்போது பாதிப் பேரிடம் அது இருந்தது. விலை அவ்வளவு இறங்கிவிட்டது. பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு அடித்தால், பந்து எவ்வளவு வேகம், எத்தனை மீட்டர் என்று போனில் காட்டிவிடும்.

“மலிவுப் பெட்டி சார். முன்னே பின்னேதான் காட்டும்,” என்றார் மேனேஜர். மூன்று மாதமாகப் புகாரோடு வருகிற எல்லோருக்கும் இதே பதில்தான்.

“நானும் அப்படி நினைச்சுத்தான் ரெண்டு தடவை மாத்திட்டு வந்தேன். பெட்டி வித்த கடைக்காரன் இப்ப என்னைக் கண்டாலே ஷட்டரை இறக்குறான். போதும்டா சாமின்னு டேப் பிடிச்சு அளந்துட்டேன். உங்க நூத்தம்பது மீட்டர் பலகை நூத்திப் பதினெட்டுல நிக்குது.”

பந்து போன தூரத்தைக் காட்ட மைதானத்தில் நட்ட பலகைகள் அவை. மேனேஜர் தானே போய் அளந்தார். நூற்றுப் பதினெட்டு. நூறு மீட்டர் பலகை எழுபத்தொன்பதில் நின்றது. ஒவ்வொரு பலகைக்கும் பின்னால், தோண்டி மூடிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரே நாளில் செய்த வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டு வந்திருக்கிறார்கள்.

மைதானத்துக்குள் இறங்குகிறவர் ஒரே ஒருவர்தான். பந்து பொறுக்குபவர்.

மேனேஜருக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சந்தோஷம். மத்தியானத்தில் ஸ்டோர் ரூமில் தான் படுத்துத் தூங்குவதை நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளியிடம் போட்டுக் கொடுத்த ஆள் அது. மேனேஜர் அதை மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை அவர்.

“பலகையை நகர்த்துனது யாரு?”

“நான்தான் சார்.”

இல்லை என்பான், சாட்சி வைத்து மடக்கலாம் என்று காத்திருந்த மேனேஜருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“எதுக்கு?”

பந்து பொறுக்குபவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லவா? ஊர்ல இருக்கறவன் எல்லாம் வந்து என் சட்டையப் பிடிக்கணும். முதலாளி என்னை வெளியே தள்ளணும். அதானே?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

“அறுபது வயசாச்சு. இங்க விட்டா வேற எவன் வேலை குடுப்பான் உனக்கு?”

“யாரும் குடுக்க மாட்டாங்க சார்.”

“தெரியுதில்ல? தெரிஞ்சும் திமிரு. கிளம்பு. நாளையில இருந்து இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது.”

கதவு வரை போனவர் நின்றார். “சார், பலகையைத் திரும்ப நடறதா இருந்தா ஒரே நாள்ல நடாதீங்க. வாரத்துக்கு ஒரு அடியாத் தள்ளி வைங்க.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? போய்யா.”

சாயங்காலத்துக்குள் மேனேஜர் ஆள் வைத்து எல்லாப் பலகையையும் சரியான இடத்தில் நட்டு முடித்தார். நாலு வருஷத்து முள்ளைக் காலிலிருந்து பிடுங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தது அவருடைய அண்ணன்.

அண்ணனுக்கு நரம்புக் கோளாறு. வலது கை மெல்ல மெல்ல விழுந்துவிடும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆனால் அண்ணன் தினமும் வந்து அடித்துவிட்டுப் போவார். “இன்னிக்கும் நூத்தம்பது பலகையத் தொட்டுட்டேன்” என்பார். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். “டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியல” என்று மேனேஜரே சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டதுண்டு. பந்து பொறுக்குபவரிடம் நின்று நாலு வார்த்தை பேசுகிறவரும் அண்ணன் ஒருவர்தான். மேனேஜருக்கு அது பிடிக்காது. அதனாலேயே அந்த ஆளை விரட்டிவிட்ட விஷயத்தைச் சொல்லக் காத்திருந்தார்.

அண்ணன் மட்டையை ஓங்கி அடித்தார். பந்து நூறு மீட்டர் பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் விழுந்தது.

இன்னொன்று அடித்தார். அதுவும் அங்கேயே விழுந்தது. மூன்றாவது நூறு மீட்டர் பலகையைக்கூடத் தொடவில்லை.

மேனேஜர் கிட்டே போனார். “காத்து எதிர்ல அடிக்குதுண்ணே.”

மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

“அவன் எங்கடா?” என்றார் அண்ணன்.

“நேத்து வேலைய விட்டு அனுப்பிட்டேன். அண்ணே, எனக்கு இப்பத்தான் புரியுது. கை இறங்கறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவரு பலகைய... நான் இன்னிக்கே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

“எனக்குத் தெரியாதாடா? சட்டைப் பொத்தானைக்கூட உங்க அண்ணிதான் போட்டு விடறா.” அண்ணன் இடது கையால் மட்டையைப் பைக்குள் சொருகினார். “என் கை போனது எனக்கு எப்பவோ தெரியும்.”

“அப்புறம் ஏண்ணே தினமும் வந்தீங்க?”

“விடியறதுக்கு முன்னால ஒருத்தன் வந்து எனக்காகக் குழி தோண்டிப் பலகை நட்டுட்டு, நான் அடிக்கறதையே பார்த்துட்டு நிப்பான். நான் வரலேன்னா அவன் உடைஞ்சு போயிடுவானேன்னுதான் வந்தேன்.”