நீலக் கம்பி

விற்றுத் தொலைக்கக் கொண்டுவந்த பழைய கார், ஸ்கூடாய் ஊர்ப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நடுங்கி நடுங்கி உறுமுகிறது. வீட்டுக் கேட்டைத் திறக்கப் போன மகள் லோஷினி மேல் பாய்ந்த கார். "பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய் பெடல மிதிச்சு புள்ளைய கொன்னுட்டியே" என்று ரூபேந்திரன் மனைவியைக் குத்தாத நாளில்லை. இப்போதும் "நீயே மிதி" என்று பிரவீனாவைத்தான் உள்ளே உட்கார வைத்திருக்கிறான். தூக்கிய பானட் அவள் முகத்தை மறைக்கிறது. "மிதிச்சு விடுங்கக்கா," என்கிறார் மெக்கானிக் ஹாரூன். இரைச்சல் ஏறுகிறது. ஏறியது இறங்கவில்லை. ஹாரூனின் டார்ச் வெளிச்சம் ஆக்சிலரேட்டர் கேபிளில் நிற்கிறது. அதை இழுத்துக் கட்டிய நீலக் கம்பி. சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் எஞ்சின் அணைந்து அணைந்து போகிறதென்று ரூபேந்திரன் தன் கையால் முறுக்கிய கம்பி. "இது மாட்டிக்கிச்சுன்னா வண்டி தானா பாயும்ண்ணே. எந்த மடையன் கட்டினான்?" ரூபேந்திரனின் உதடு அசைகிறது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பானட்டுக்கு அப்பால் பிரவீனா அலறுகிறாள்: "என்னங்க, நான் கால எடுத்துட்டேன்! வந்து பாருங்களேன், எடுத்துட்டேன்!"