ஃபோர்மேனின் எச்சில்

"கோடு வரைக்கும் வரணும். நல்லாத் துப்பு," என்றார் ஃபோர்மேன், மனைவியின் முகவாய்க்குக் கீழே குப்பியைப் பிடித்தபடி.

விடிந்ததும் விடியாததுமாகச் சமையலறைத் தொட்டி ஓரம் நின்று, பெண்டாட்டிக்குப் பரிசோதனை செய்கிற புருஷன்! பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது என்னவோ அவருடைய பெயர்தான்.

பஸ் பணிமனையில் மருத்துவ முகாம். எச்சிலைச் சோதித்தே வாய்ப் புற்றுநோயின் அறிகுறியைப் பார்த்துவிடலாம் என்று ஆளுக்கொரு குப்பி கொடுத்திருந்தார்கள். காலையில் பல் தேய்க்குமுன் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

"துப்பினதை வெச்சுத் துப்பு துலக்கப் போறாங்களாம்!" என்று பணிமனை அதிர நக்கலடித்தார் ஃபோர்மேன். இருபது வருஷமாகக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே என்ஜின் பிரிப்பவர். நக்கலுக்கு அடியில் இருந்தது சுத்தமான பயம். அதை ஒப்புக்கொண்டால் மீசைக்கு என்ன மரியாதை?

மனைவி முகத்தைச் சுளித்துச் சுளித்துத் துப்பினாள். "எரியுதுங்க. ரெண்டு மாசமா காரம் பட்டாலே உயிர் போகுது."

"வாயை மூடிட்டிருந்தா எரியாது. ம்... இன்னும் கொஞ்சம்."

பத்தாம் நாள் முகாம் அறையிலிருந்து ஆள் வந்தது. வெளி பெஞ்சில் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஃபோர்மேன் மாப்பிள்ளை நடை நடந்து உள்ளே போனார்.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். "உங்க எச்சில்ல சந்தேகப்படற மாதிரி அறிகுறி இருக்கு. இதுவே முடிவுன்னு பயப்படாதீங்க. வாயை நல்லாப் பார்க்கணும். தேவைப்பட்டா துளி சதை எடுத்துச் சோதிக்கணும்."

ஃபோர்மேன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீரே வந்துவிட்டது. முகாமே பித்தலாட்டம் என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்! வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! அது என் எச்சிலே இல்ல. என் சம்சாரத்தோடது! புகையிலை வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கறவ அவ. அவளுக்குப் புற்றுநோயாம்! இந்த லட்சணத்துல ஒரு மெஷினு, அதுக்கு ஒரு முகாமு!"

பெஞ்சில் யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை எடுத்துப் படிவத்திலிருந்த ஃபோர்மேனின் பெயரை அடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க பேரைச் சொல்லுங்க."