கோகிலவாணியின் இழுப்பு

"நேத்துலேர்ந்து இழுக்குதுங்க டாக்டரம்மா" என்று மனைவி கோகிலவாணியை நாற்காலியில் உட்காரவைத்தான் சின்னராசு. நெல்லிவாசலிலிருந்து ஜீப்பில் வந்த களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது.

டாக்டர் காஷிஃபா அவனை வெளியே இருக்கச் சொன்னார்.

"தும்மல் உண்டாம்மா?"

"சாமை தூத்தறப்போ அந்தத் தூசியில தும்மல், கண்ணுல அரிப்பு. இப்போ நெஞ்சுல விசிலு மாதிரி சத்தம்."

"தும்மலும் அரிப்பும் அலர்ஜி. இழுப்பு ஆஸ்துமா, மூச்சுக்குழாய் சுருங்கிக்கும். ரெண்டும் வேற. ஆனா அலர்ஜியைக் கண்டுக்காம விட்டா, அதுவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். எங்க, மூச்சை இழுத்து விடுங்க."

ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர் நிமிர்ந்தார். "நெஞ்சு சுத்தமா இருக்குதே?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் கோகிலவாணி சோர்வாக. "இழுக்கறது அவருக்கு. கூப்ட்டா, 'தும்மலுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி, போடி'ன்றாரு. அதான் அவரு மாதிரியே நான் இழுத்துக் காட்டினேன். எனக்குன்னதும் வேலைய வுட்டுட்டுக் கூட்டியாந்துட்டாரு."

டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. உங்க வீட்டம்மாவுக்குக் குணமாகணும்னா, முதல்ல நீங்க சட்டையைக் கழட்டணும்."

"இன்னா வேணா பண்றேங்க" என்றபடி, மூச்சிரைக்க, அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றினான் சின்னராசு.