சீர் வண்டி

"வண்டியப் பூட்டுங்க! உசிலம்பட்டிக்கு, எங்க ஆத்தா வீட்டுக்கே போறேன்!"

சண்டை வந்தால் முத்துத்தாய் இப்படித்தான் கிளம்புவாள். அதுவும் கல்யாணச் சீராக வந்த வில்வண்டியில்தான் போவாளாம். பஸ்ஸில் போனால் கௌரவக் குறைச்சல்.

அவள் புருஷன் நல்லகாமன் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தான். சக்கரம் கழன்றுவிடாமல் பிடிக்கும் கடையாணியை இந்தத் தடவையும் காணோம்.

"யுத்தத்துல இரும்பு கிராக்கிண்ணே. எவனோ உருவிட்டுப் போறான்" என்றான் திருமங்கலம் தரகன் சோணை. "கூண்டையும் கரையான் அரிச்சிருச்சு. பேசாம வித்துருங்க."

"என் சீர் வண்டிய விக்கிறதா?" உள்ளேயிருந்து சீறினாள் முத்துத்தாய்.

"அப்ப ரிப்பேர் பண்ணிருவோம். ஆசாரிய வரச்சொல்லு, சோணை."

"கிழட்டு வண்டிக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றாள் அதற்கும்.

தலையைச் சொறிந்துகொண்டே, மாட்டுக்கு உப்பெடுக்க அடுக்களைக்குள் போன நல்லகாமன் பானை மாறிக் கையை விட்டான். காணாமல் போன கடையாணி எல்லாம் துணியில் சுற்றி அதற்குள் பத்திரமாக இருந்தன.

சத்தமில்லாமல் மூடிவிட்டு வெளியே வந்தான்.

"சோணை, விக்கவும் வேணாம், ரிப்பேரும் வேணாம். வண்டி அப்படியே கெடக்கட்டும்."

"அப்ப எங்க ஆத்தா வீட்டுக்கு நான் எதுல போறதாம்?"

முன்னைவிடத் தெம்பாகக் கத்தினாள் முத்துத்தாய்.