பாதிக் கட்டில்

“அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் சொன்னேன்னு வெளியே தெரிய வேணாம்.”

வீட்டுக்கார அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். இப்படி ஆரம்பிக்கிற பேச்சைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

“என் கட்டில்ல பகல்ல படுக்கிறாளே, நைட் ஷிஃப்ட்காரி. அவ சனிக்கிழமை ராத்திரி ரூமுக்கே வர்றதில்லை.”

“ஷிஃப்டுக்குப் போயிருப்பா.”

“சனிக்கிழமை ஏதுக்கா ஷிஃப்ட்? மிஷின் கழுவறதுக்காக ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கம்பெனியே மூடிக் கிடக்கும். இவ தலையை வாரிக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறா. நேத்தும் அப்படித்தான்.”

“எங்க போறா?”

“அதை நான் எப்படிக்கா என் வாயால சொல்றது?”

சொல்லாமலே எல்லாம் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா முகம் சிவந்தது.

“இது நாலு குடும்பம் இருக்கிற வீடு. இன்னிக்கே போன் போட்டுக் காலி பண்ணச் சொல்றேன்.”

பழ சீசன் முடிகிற வரைக்கும்தான் அந்த பேக்கிங் கம்பெனியில் வேலை. ஆனால் சொந்த ஊரில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை, தங்க இடம் இருக்க வேண்டும். இடமில்லாதவர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்களாம்.

கட்டுப்படியாகிற வாடகைக்கு இவளுக்குக் கிடைத்தது இந்த மாடியறையில் பாதிக் கட்டில். ராத்திரி இவளுக்கு, பகல் நைட் ஷிஃப்ட்காரிக்கு. கட்டில் போட்ட பிறகு கதவே பாதிதான் திறக்கும். மிச்ச இடத்தில் வேண்டுமானால் இரண்டு ஜோடிச் செருப்பு வைக்கலாம்.

சாவி ஒன்றே ஒன்று. காலையிலும் சாயங்காலமும் கம்பெனி கேட்டில் கை மாறும்.

“தூங்கினியா?”

“ம்.”

அவ்வளவுதான் பழக்கம். பழம் ஓடும் பெல்ட் முன்னால் நின்று நின்று கால் வீங்கியவளுக்கும், நிற்கப் போகிறவளுக்கும் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

சொல்லப்போனால் அந்தப் பெண் மேல் இவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. தலையணையில் ஒரு தைல வாடை அடிக்கும், அதுதான் குறை. ஆனால் போன வாரம் தங்கச்சி போனில் அழுதாள். புருஷன் படுத்த படுக்கை, இரண்டு பிள்ளைகள்.

“எனக்கும் அங்க ஒரு வேலை பாருக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

இவள் சூப்பர்வைசரைக் கேட்டாள். “நைட் ஷிஃப்ட்ல எடுத்துக்கலாம். தங்க இடம் இருக்கா?” என்றார்.

இடம் இருந்தது. அதில் ஒருத்தி படுத்திருந்தாள்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பேச்சு. தங்கச்சியை முன்கூட்டியே பஸ் ஏறச் சொல்லியும் ஆகிவிட்டது.

மத்தியானம் தங்கச்சியை அழைத்துவரப் போனாள். பஸ் தாமதம். எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. பஸ் ஸ்டாண்டின் கடைசி வரிசையில் ஒரு இரும்பு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு பெண், மடியில் பையைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

உட்கார்ந்ததும் தைல வாடை அடித்தது. தினமும் தலை வைத்துப் படுக்கிற வாடை.

துணி விலகியது.

“அட, நீயா? ஊருக்கா கிளம்பிட்ட?”

“இல்ல... நீ இங்க என்ன பண்றே?”

“பார்த்தா தெரியலையா? தூங்கறேன்.”

“ராத்திரி?”

“ராத்திரியும் இங்கதான். இந்த லைட்டைத்தான் அணைச்சுத் தொலைக்க மாட்டேங்கறாங்க.”

“ஏன், ரூமுக்கு வர வேண்டியதுதானே?”

“வந்து? உன் தலைமேலயா படுக்கறது?” கொட்டாவிக்கு நடுவே சிரித்தாள். “லீவு நாள்ல ரெண்டு பேரும் எங்க படுப்பாங்கன்னு வீட்டுக்கார அம்மாவும் யோசிக்கலை, நாமளும் யோசிக்கலை. தினம் விடிஞ்சும் விடியாம சாவி குடுக்க ஓடி வர்றியே, வாரத்துல ஒரு நாளாவது நல்லா நீட்டிப் படுக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல தூக்கம் வரும்.”

இவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும், தொல்லை விட்டது என்று கை காலை விரித்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. கூசிப் போனாள்.

பஸ் வந்து நின்றது. ஜன்னலில் தங்கச்சி முகம். அக்காவைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினாள்.

இவள் எழுந்தாள். நைட் ஷிஃப்ட்காரி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம். வீட்டுக்கார அம்மா போன் பண்ணினாங்க. நாளைக்கே காலி பண்ணணுமாம். ரூம் போச்சுன்னா வேலையும் போச்சு. யாரோ என்னைப் பத்திக் கண்டபடி சொல்லியிருக்காங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை, தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

“எனக்காக நீ ஒரு வார்த்தை பேசேன். நீ சொன்னா நம்புவாங்க. என் கட்டில்ல படுக்கிறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதானே?”