பிழையில்லாத பிரதி

திருட்டுப் பிரதியில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அதுதான் சிக்கல்.

ஒன்றாவது இருந்தாக வேண்டும். வைத்ததே நான்தான்.

எங்கள் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களை வாங்கி, தமிழ் சப்டைட்டிலோடு வெளியிடுகிறது. சப்டைட்டில் எழுதுவது என் வேலை. வெளியீட்டுக்கு முன்பே படம் நான்கு பேருக்குப் போகும்: விநியோகஸ்தர், விமர்சகர், தியேட்டர்காரர், முதலாளியின் மாமியார். மாமியாருக்கு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. முதலாளியே கேட்டதில்லை.

போன படம் வெளியாவதற்குள் இணையத்தில் ஏறிவிட்டது. ஆகவே இந்த முறை பொறி வைத்தேன்.

பொறி மிக எளிமையானது. ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு இடத்தில் ஒரே ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் போதும். விநியோகஸ்தரின் பிரதியில் கப்பல் 'கறையை' அடைந்தது. விமர்சகருடையதில் கதாநாயகிக்குத் தலை 'வழித்தது'. தியேட்டர்காரருடையதில் சுவரில் ஒரு 'பள்ளி' ஊர்ந்தது. மாமியாருடையதில் காதலனின் 'மணம்' உடைந்தது. எந்தப் பிழை இணையத்துக்கு வருகிறதோ, அந்தப் பிரதியின் சொந்தக்காரர்தான் ஆள்.

இன்று காலை படம் இணையத்துக்கு வந்தது.

கப்பல் கரையை அடைந்தது. தலை வலித்தது. பல்லி ஊர்ந்தது. மனம்தான் உடைந்தது.

கீழே ஆட்கள் கருத்து எழுதியிருந்தார்கள். "திருட்டுப் படம் பாக்குறது தப்புதான், ஆனா எழுத்து என்ன சுத்தம்" என்று ஒருவர் மனசாட்சியோடு நெகிழ்ந்திருந்தார்.

பொறி இல்லாத பிரதி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது என் கணினியில் இருக்கிறது.

"மதியத்துக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லன்னா நீதான்னு எடுத்துக்குவேன். நாளைக்கு வரவேண்டாம்" என்றார் முதலாளி. பிறகு திருடர்களை என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாகச் சொன்னார். அவ்வளவு நேரமும் அவர் கணினித் திரையின் மூலையில் 'இந்த மென்பொருள் அசல் அல்ல' என்ற வரி மங்கலாகத் தெரிந்தது. அது வருடக்கணக்காக அங்கே இருக்கிறது. எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் என் சப்டைட்டிலையும் திருட்டுப் பிரதியின் சப்டைட்டிலையும் அருகருகே திறந்துவைத்து, வரிவரியாகப் படித்தேன்.

பாதிப் படத்தில் கண்டுபிடித்தேன். திருட்டுப் பிரதியில் 'முயற்சி' என்று இருந்தது. ஒரு 'ச்' குறைகிறது.

மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முயற்சி. நான் எல்லா இடத்திலும் ஒழுங்காக 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தேன்.

திருடன் சிக்கினான் என்று எழுந்தேவிட்டேன். போகிற போக்கில், எதற்கும் இருக்கட்டும் என்று அகராதியைப் பார்த்தேன்.

திரும்ப உட்கார்ந்தேன்.

முயற்சிதான் சரி. பள்ளிக்கூடத்திலிருந்து இன்று காலை வரை நான் எழுதியதுதான் தப்பு.

அவமானம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கிய பிறகுதான் மற்றது புரிந்தது. சப்டைட்டில் படத்தின் மேல் எழுதப்படுவதில்லை. படத்தின் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து, கடிதத்தைத் திருத்துவதுபோலத் திருத்தலாம். நான் வைத்த பிழையையும் திருத்தலாம். நான் வைக்காத பிழையையும் திருத்தலாம்.

முதலாளியிடம் போனேன்.

"என் காப்பி இல்ல சார். என் காப்பியில தப்பு இருக்கு. எனக்கு அது தப்புன்னே தெரியாது. தெரிஞ்சாத்தானே திருத்த முடியும்?"

அவர் என்னைப் பார்த்தார். "அதாவது, உனக்குத் தமிழ் தெரியலங்கிறதுதான் ஆதாரம்?"

"ஆமா சார்."

"சரி, அந்தப் புலவர் யாரு?"

அதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்றேன். ஆனால் நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். திருடுவதை ஒளித்துவைக்க முடிகிற ஆளாலும் திருத்துவதை ஒளித்துவைக்க முடியாது. முதலாளியின் கைபேசியிலிருந்தே நான்கு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: 'படத்தைப் பார்க்க நீங்கள் எடுத்த முயற்ச்சிக்கு நன்றி.'

விநியோகஸ்தர் கட்டைவிரலைக் காட்டினார். விமர்சகர் மகிழ்ச்சி என்றார். தியேட்டர்காரர் பார்க்கவே இல்லை.

நான்காவது பதில் கொஞ்சம் நீளம்.

'முயற்சி. ற் வந்தால் அதையடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது, மாப்பிள்ளை. படத்திலும் இதே கூத்து. சுவரில் ஊர்வதை மட்டும் ஒழுங்காகப் பல்லி என்று எழுதியவருக்கு மனம் எழுதத் தெரியவில்லை. உங்கள் மானம் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் திருத்திய பிறகுதான் நடைப்பயிற்சிக் குழுவில் போட்டேன். அவர்களும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் திருப்தி.'

முதலாளி அதை எழுந்து நின்று படித்தார். மாமியார் செய்தி வந்தால் அவர் எழுந்துவிடுவார்.

"போலீஸுக்குச் சொல்லணும்னீங்களே சார்."

"சும்மா இரு."

"அப்ப அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க, இனிமே யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு."

"அத்தைகிட்டயா? நானா?" அவர் மெல்ல உட்கார்ந்தார். "நீ வேற ஏதாவது யோசி."

யோசித்தேன். அந்த அம்மாவுக்கு வேண்டியது படம் இல்லை, பிழை.

அடுத்த படத்திலிருந்து அவருக்கு எழுத்துக் கோப்பு மட்டும் போகிறது.